அப்பாவுக்கு டி-டைமர் 980: மறுபடியும் அட்டாக் வருமா?

கேள்வி:

டாக்டர், வணக்கம். நாங்கள் தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம். அப்பாவுக்கு 62 வயது, இட்லி வியாபாரம். ஆறு வாரத்துக்கு முன்னால் ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதே நெஞ்சை அடைக்கிற மாதிரி வலி, ஒரே நாளில் மூன்று தடவை. ட்ரோபோனின் லேசாக ஏறியிருக்கிறது என்று ஆஞ்சியோ செய்து, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் 90 சதவீத அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் இதயம் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றார்கள். ஆஸ்பிரின், டிகாக்ரெலார், அடார்வாஸ்டாடின் 80, மெட்டோப்ரோலால், ராமிப்ரில் சாப்பிடுகிறார். பீடியை விட்டுவிட்டார். முட்டிவலிக்கு எப்போதும் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் மட்டும் தொடர்கிறது. வலி போய்விட்டது, ஆனால் அவ்வப்போது பெருமூச்சு வாங்குகிறார். நடுவில் ஒரு வைரல் காய்ச்சல் வந்து போனது. அதற்கடுத்த வாரம் ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்தோம். ரத்த உறைவு சம்பந்தமான டெஸ்ட்டாம், டி-டைமர் 980, ஃபைப்ரினோஜன் 520, இரண்டும் சிவப்பில். மெடிக்கல் கடைக்காரர் ‘ரத்தம் கெட்டியா இருக்கு, இன்னொரு பிளட் தின்னர் சேர்க்கணும்’ என்று ரிவராக்சபான் பெயரை எழுதிக் கொடுத்தார். இந்த இரண்டும் கூடினால் மறுபடி அட்டாக் என்று மச்சான் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னதில் அம்மா தூங்குவதில்லை. அப்பாவோ ‘வலிதான் இல்லையே, எதுக்கு இத்தனை மாத்திரை’ என்கிறார். ஆஸ்பத்திரியில் இந்த டெஸ்ட்டை ஏன் எடுக்கவில்லை? மாதாமாதம் எடுக்க வேண்டுமா? சித்திரையில் ஊரில் கோயில் கொடை, போகலாமா? எல்லா ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு எண்ணை வைத்து அப்பாவுக்கு மறுபடி அட்டாக் வரும் என்றோ வராது என்றோ யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரர் எழுதிக் கொடுத்த மாத்திரை வேண்டாம், வாங்கியிருந்தால் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாதாமாதம் இந்த டெஸ்ட்டும் வேண்டாம். அம்மாவை இன்றைக்கு ராத்திரி தூங்கச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் அனுப்பியதில் என்னை உறுத்தியது வேறு ஒரு வரி, அதை முதலில் பேசிவிட்டுத்தான் டி-டைமருக்கு வருவேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஹீமோகுளோபின் 13.9 என்று இருக்கிறது. இப்போதைய ரிப்போர்ட்டில் 11.4. ஆறு வாரத்தில் இரண்டரை கிராம் இறங்கியிருக்கிறது. ஆஸ்பிரினும் டிகாக்ரெலாரும் சேர்ந்து சாப்பிடுகிற ஒருவர், அதற்கு மேல் முட்டிக்கு டைக்ளோஃபெனாக், வயிற்றைக் காக்கிற பான்டோப்ரசோல் உங்கள் பட்டியலில் காணவே காணோம் என்றால், இரைப்பையில் எங்கேயோ கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிகிறதோ என்றுதான் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றும். வேறு காரணமும் இருக்கலாம், லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், ஆனாலும் இரண்டரை கிராமை அப்படித் தள்ளிவிட முடியாது. அப்பாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: மலம் தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போகிறதா? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அது வேறு. கறுப்பாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் இன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், சயான் ஆஸ்பத்திரி உங்களுக்குக் கூப்பிடு தூரம்தானே. அப்படி எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். டைக்ளோஃபெனாக்கை இன்றோடு நிறுத்துங்கள், முட்டிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினையும் டிகாக்ரெலாரையும் மட்டும் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, ஸ்டென்ட் வைத்து ஆறே வாரம்தான் ஆகிறது, அதைத் தொடுவதா மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இப்படி ஒரு ஆளுக்கு மூன்றாவதாக ஒரு பிளட் தின்னர் சேர்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சரி, இனி டி-டைமர். ரத்தம் கெட்டியாக இருக்கிறதா தண்ணீராக இருக்கிறதா என்று அளக்கிற டெஸ்ட் இல்லை இது. அப்பாவுக்கு அன்றைக்கு ராத்திரி நடந்தது என்னவென்றால், ரத்தக்குழாய்ச் சுவரில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த கொழுப்புத் திட்டின் மேல்தோல் விரிசல் விட்டது. அந்த இடத்தில் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், வந்து ஒட்டின, கூடவே த்ராம்பின் என்கிற நொதி உண்டானது. ரத்தத்தில் கரைந்து ஓடிக்கொண்டிருக்கிற ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் நூலாக மாற்றுவது இந்த த்ராம்பின்தான். அந்த நூல்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகினால் ரத்தக்கட்டி. குழாய் முழுக்க அடைபட்டால் பெரிய மாரடைப்பு, பாதி அடைத்துக் கொஞ்சம் கரைந்து மறுபடி அடைத்து என்று போக்குக் காட்டினால் அப்பாவுக்கு வந்த மாதிரி, ஓய்வில் இருக்கும்போதே வந்து வந்து போகிற வலி. அதேநேரம் கட்டியைக் கரைக்க உடம்பு பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதியை அனுப்புகிறது. அது பின்னிய நூலை வெட்டும்போது உதிர்கிற துண்டுதான் டி-டைமர். ஆக அது உடம்பில் எங்கோ ஃபைப்ரின் உண்டாகிக் கரைந்திருக்கிறது என்பதற்கான தடயம், அவ்வளவுதான். போகிக்கு மறுநாள் தெருவில் சாம்பல் கிடந்தால் யாரோ எதையோ எரித்திருக்கிறார்கள் என்று தெரியும், எந்த வீட்டுக்காரர், பழைய பாயா கிழிந்த தலையணையா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்ல முடியாதில்லையா.

காய்ச்சல் வந்தால் டி-டைமர் ஏறும். நிமோனியா, டெங்கு, ஆபரேஷன், அடிபட்ட காயம், புற்றுநோய், ஈரல் நோய், கர்ப்பம், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி, எல்லாவற்றுக்கும் ஏறும். ஒன்றுமே இல்லாமல் வயதானாலும் ஏறும். கொரோனா காலத்தில்தான் இந்தப் பெயர் நம் வீடுகளுக்குள் வந்தது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை, அதைத் தெரிந்துகொண்டு லேப்காரர்களும் பேக்கேஜுக்குள் சேர்த்துவிட்டார்கள் என்பது என் சந்தேகம். அப்பாவுக்கு எடுத்தது வைரல் காய்ச்சலுக்கு அடுத்த வாரம். அது ஒன்றே இந்த 980க்குப் போதுமான காரணம். அப்புறம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதே இல்லை. உங்கள் லேப் ஃபைப்ரினோஜன் சமானம் என்ற அலகில் கொடுத்திருக்கிறது. டி-டைமர் அலகில் கொடுக்கிற லேபில் இதே ரத்தம் கிட்டத்தட்ட பாதியாக, 490 என்று வரும், மில்லிகிராமில் கொடுக்கிற லேபில் 0.98 என்று வரும். அதனால் இந்த மாதம் மாட்டுங்காவில் ஒரு லேப், அடுத்த மாதம் செம்பூரில் ஒரு லேப் என்று எடுத்து ஏறியது இறங்கியது என்று கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

ஃபைப்ரினோஜன் கதையும் ஏறக்குறைய இதுதான். வழக்கமான அளவு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஈரல் இதைக் கூடுதலாகச் சுரக்கும். காய்ச்சல் ஒரு காரணம், பீடி இன்னொரு காரணம். பீடி சிகரெட் குடிக்கிறவர்களுக்கு இது எப்போதுமே கொஞ்சம் தூக்கலாக இருக்கும், விட்டால் இறங்கும். அப்பா விட்டதே பெரிய காரியம், தாராவியில் இட்லிக் கடை வைத்துக்கொண்டு, விடிகாலை அடுப்பு மூட்டியதும் ஒன்று பற்ற வைக்கிற பழக்கத்தை அறுத்தெறிவது லேசில்லை, என் பாராட்டைச் சொல்லுங்கள்.

மச்சான் படித்தது பொய்யில்லை. அதையும் சொல்ல வேண்டும். இந்த உறைவுக் குறியீடுகளுக்கும் பின்னால் வருவதற்கும் சம்பந்தம் உண்டு என்று முப்பது வருஷமாகவே ஆராய்ச்சிகள் சொல்லி வருகின்றன. ஸ்வீடனில் நடந்த ஃப்ரிஸ்க் ஆராய்ச்சியில் அப்பா மாதிரி நிலையில்லாத இதய நோயோடு வந்தவர்களில் 965 பேருக்கு ஃபைப்ரினோஜன் அளந்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். அளவு குறைவாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரில் ஐந்து மாதத்தில் இறந்தவர்கள் 1.6 சதவீதம், 400க்கு மேல் இருந்த பங்கினரில் 6.9 சதவீதம். நாலு மடங்குக்கு மேல். இதைத்தான் மச்சான் எங்கேயோ பார்த்திருப்பார். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள், அதிகமாக இருந்தவர்களிலும் நூற்றுக்கு 93 பேர் உயிரோடு இருந்தார்கள், அதுவும் ஸ்டென்ட்டும், ஆஸ்பிரின், டிகாக்ரெலார் மாதிரி தட்டணுவை அடக்குகிற இரண்டு மாத்திரையும் எல்லோருக்கும் கிடைக்காத காலத்தில். இன்னொன்று, இதுதான் முக்கியம், அவர்களுக்கு ரத்தம் எடுத்தது நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த சமயத்தில். ஸ்டென்ட் வைத்து, ஆறு வாரம் கழித்து, காய்ச்சல் வந்து போன பிறகு எடுத்த 520ஐ அந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது, வேறொருவர் ஜாதகத்தை வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பலன் சொல்கிற வேலை.

டி-டைமருக்கும் அப்படி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த லிப்பிட் ஆராய்ச்சியில், மாரடைப்போ நிலையில்லாத நெஞ்சுவலியோ வந்து சில மாதங்கள் முதல் மூன்று வருஷம் வரை ஆன 7,863 பேரின் டி-டைமரை அளந்து, 16 வருஷம் வரை பின்தொடர்ந்தார்கள். அதிகமாக இருந்தவர்களுக்கு இதயத்தால் வருகிற மரணம் கூடுதல். கூடவே புற்றுநோயும் கூடுதல். இதிலிருந்து என்ன தெரிகிறது? இந்த எண் இதயத்தை மட்டும் குறிபார்த்துச் சொல்கிற எண் இல்லை, உடம்பு மொத்தமும் படுகிற பாட்டை ஏதோ ஒரு வகையில் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது கோடு மேலே போகிறது, ஆனால் 980 வந்த பத்துப் பேரைக் கொண்டுவந்து என் எதிரில் உட்கார வைத்தால் இதில் யாருக்கு அட்டாக் வரும் என்று என்னால் பொறுக்கி எடுக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். எடுத்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது அப்பாவின் ஆபத்து எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம் ஆஞ்சியோ வேண்டும் என்ற பதில். அதற்கு ஈசிஜி, ட்ரோபோனின், நாடித்துடிப்பு, பிரஷர், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், வயது, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்ற பரிசோதனை, இவ்வளவும் போதும். கிரேஸ் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், இந்த விவரங்களைத்தான் கேட்கும், டி-டைமருக்கு அதில் இடமே இல்லை. டிமி என்ற இன்னொரு முறையில் ஏழு கேள்வி, அதிலும் இல்லை. ட்ரோபோனின் இதயத் தசை சேதமானால் கசிவது, சேதம் எந்த உறுப்பில் என்ற குழப்பமே கிடையாது. மேலே சொன்ன ஃப்ரிஸ்க்கிலேயே 1996இல் பார்த்தார்கள், ட்ரோபோனின் மிகக் குறைவாக இருந்தவர்களில் ஐந்து மாதத்தில் மரணமோ மாரடைப்போ நேர்ந்தது சுமார் 4 சதவீதம், நடுவில் இருந்தவர்களில் 10, அதிகமாக இருந்தவர்களில் 16. அந்த எண் ஏறினால் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கிறது, சீக்கிரம் ஆஞ்சியோ. டி-டைமர் ஏறினால் செய்வதற்கு அப்படித் தனியாக ஒரு வேலை இல்லை. வைத்தியத்தை மாற்றாத டெஸ்ட் பயத்தை மட்டும்தான் மாற்றும்.

உறைவை இன்னும் துல்லியமாக அளக்கிற குறியீடுகளும் உண்டு. ப்ரோத்ராம்பின் உடைந்து த்ராம்பின் ஆகும்போது உதிர்கிற துண்டு, த்ராம்பினும் அதன் எதிரியும் பிணைந்த கூட்டு, ஃபைப்ரினோஜனிலிருந்து கழன்று விழுகிற ஃபைப்ரினோபெப்டைட்-ஏ என்றெல்லாம். ஆராய்ச்சிக்கு அருமையானவை, தினசரி வேலைக்கு உதவாதவை. கடைசியாகச் சொன்னது ரத்தத்தில் சில நிமிடத்தில் பாதியாகிவிடும். ரத்தம் எடுக்கிற பையன் கையில் ரப்பர் பட்டையை இறுக்கி நரம்பைத் தேடித் தேடி இரண்டு தடவை குத்தினால் அந்த இடத்திலேயே உறைவு ஆரம்பித்து எண் தாறுமாறாக ஏறிவிடும். டி-டைமர் பாதியாக ஏழெட்டு மணி நேரம் ஆகும், அதனால்தான் லேபில் அளக்க வசதியாக இருக்கிறது, பேக்கேஜில் இடம் பிடித்ததும் அதுதான்.

ஆனால் இந்த ஆராய்ச்சிக் குறியீடுகளால் ஒரு பெரிய உபகாரம் நடந்தது. அது அப்பா கேட்கிற கேள்விக்கான பதில், அவரையே கூப்பிட்டு உட்கார வைத்து இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். 1994இல் இத்தாலியில் ஒரு குழு, நிலையில்லாத நெஞ்சுவலி வந்தவர்களுக்கும் மாரடைப்பு வந்தவர்களுக்கும் வந்த அன்றும் ஆறு மாதம் கழித்தும் இந்தக் குறியீடுகளை அளந்தது. வலி என்றைக்கோ போய்விட்டது, ஆள் நடமாடுகிறார், ஃபைப்ரினோபெப்டைட் கூட வழக்கமான அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் ப்ரோத்ராம்பின் துண்டு ஆறு மாதம் கழித்தும் உயர்ந்தே இருந்தது. அதாவது வெளியே எல்லாம் அடங்கின மாதிரி தெரிந்தாலும் உள்ளே த்ராம்பின் உண்டாவது நிற்கவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1992இல், கனடாவில் மாண்ட்ரியலில் இன்னொன்று பார்த்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெபரின் ஊசி மட்டும் போட்டு வலியை அடக்கினவர்களில் சிலருக்கு அதை நிறுத்தின சில மணி நேரத்தில் வலி திரும்பி வந்தது, மாரடைப்பே வந்தவர்களும் உண்டு. கூடவே ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரும்பாலும் வரவில்லை. வலி இல்லை என்பதை வைத்து உறைகிற போக்கு அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது என்பதை இப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

அதனால்தான் இரண்டு தட்டணு மாத்திரையை வழக்கமாக ஒரு வருஷம் சாப்பிடச் சொல்கிறோம், ரத்தக்கசிவு ஆபத்து இருக்கிறவர்களுக்குக் குறைத்துக்கொள்வோம். இது யாரோ கம்பெனிக்காரன் சொல்லிச் சொல்வதில்லை. 2001இல் வந்த க்யூர் ஆராய்ச்சியில் 12,562 பேரில் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் என்ற இன்னொரு தட்டணு மாத்திரை சேர்த்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் இவை சேர்ந்து 11.4 சதவீதத்திலிருந்து 9.3க்கு இறங்கின. 2009இல் ப்ளேட்டோ ஆராய்ச்சியில் டிகாக்ரெலார் அதைவிடவும் கொஞ்சம் மேல் என்று தெரிந்தது. அப்பா சாப்பிடுவது அதைத்தான். ராத்திரி வேளை மாத்திரையை விட்டுவிடுகிறாரா என்று கவனியுங்கள், கடையை மூடிவிட்டு வந்த அசதியில் பலர் விடுவது அந்த வேளையைத்தான். டிகாக்ரெலாரின் வேலை அரை நாளில் தேய்ந்துவிடும், அதனால்தான் இரண்டு வேளை. செலவு இடிக்கிறது என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையாக இருக்கிற குளோபிடோக்ரெலுக்கு மாற்ற வழி உண்டு, ஆனால் மாற்றுகிற விதம் ஒன்று இருக்கிறது, நீங்களாக மாற்றக் கூடாது.

கடைக்காரர் சொன்ன ரிவராக்சபானைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு துளி நியாயம் இருக்கிறது. தட்டணு மாத்திரைக்கு மேல் த்ராம்பின் பக்கத்தையும் அடக்கினால் என்ன என்று கேட்டு 2012இல் அட்லாஸ் என்ற பெரிய ஆராய்ச்சி வந்தது. மிகச் சின்ன அளவில், 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை. மாரடைப்பும் மரணமும் குறைந்தன, ஆனால் பெரிய ரத்தக்கசிவு மூன்று மடங்குக்கு மேல் ஏறியது, மூளைக்குள் கசிவதும் கூடியது. அதிலும் கூட இருந்தது குளோபிடோக்ரெல் வகைதான், டிகாக்ரெலார் இல்லை. ரிவராக்சபான் வகையிலேயே இன்னொன்றான அபிக்சபானை வைத்து இதே மாதிரி செய்து பார்த்ததை ரத்தக்கசிவு தாங்காமல் பாதியிலேயே நிறுத்தினார்கள். இதில் எதிலுமே டி-டைமர் அதிகம் என்று பார்த்து ஆள் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆக, டி-டைமர் ஏறினால் இதைக் கொடு என்று சொல்வதற்கு ஆதாரம் எங்கேயும் இல்லை. இதயத்துடிப்பு ஒழுங்கு தப்பி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால், கால் ரத்தக்குழாயில் கட்டி வந்தால், அப்போது இந்த மாத்திரைகளுக்கு வேலை உண்டு. ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டிருக்கிற 62 வயதுக்காரருக்கு கவுன்ட்டரில் நின்றபடி எழுதிக் கொடுக்கிற மாத்திரை இது இல்லை. ரத்தத்தை இளக்கும் என்று நாட்டோகைனேஸ், பூண்டுச்சாறு கேப்சூல் எதையாவது யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள், அதுவும் வேண்டாம். ரசத்தில் பூண்டு தாராளமாகப் போடலாம்.

பெருமூச்சு வாங்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள், அதை விட்டுவிடக் கூடாது. டிகாக்ரெலாருக்கு இப்படி ஒரு குணம் உண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு போதாத மாதிரி ஒரு உணர்வு. ப்ளேட்டோவில் நூற்றுக்குப் பதினான்கு பேர் வரைக்கும் இதைச் சொன்னார்கள். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் ரத்தசோகையாலும் மூச்சு வாங்கும், அதனால் ஹீமோகுளோபின் விஷயம் தெளிவாகும்வரை மாத்திரை மேல் பழி போட்டுவிட்டு இருக்க முடியாது. ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் தொட்டால் வலி, மூச்சு இழுக்கும்போது விலாவில் குத்தல் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அப்போது டி-டைமர் என்ற கேள்விக்கு நிஜமாகவே அர்த்தம் வந்துவிடும். உண்மையில் அந்த டெஸ்ட் நன்றாக வேலை செய்கிற இடம் அதுதான், அதுவும் எண் குறைவாக வந்தால் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி இல்லை என்று நிம்மதியாகச் சொல்லத்தான் அதிகம் உதவும். கூடுதலாக வந்தால் ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டாவதாக என் கண்ணில் பட்டது எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 92. லேப் அதைச் சிவப்பில் போடவில்லை, ஏனென்றால் நூறுக்குக் கீழே இருந்தால் சரி என்று அவர்கள் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அது ஆரோக்கியமாக இருக்கிறவருக்கு. ஸ்டென்ட் வைத்தவருக்கு 55க்குக் கீழே வேண்டும். அடார்வாஸ்டாடின் 80 ஆறு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் 92 என்றால் ஒன்று அவர் சாப்பிடவில்லை, இல்லை இன்னொரு மாத்திரை, அனேகமாக எஸெட்டிமிப், சேர்க்க வேண்டும். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்பாவின் அடுத்த பத்து வருஷத்தைப் பற்றி இந்த 92 சொல்வது அந்த 980 சொல்வதைவிட அதிகம், அதைவிட நல்லது, இதை நம்மால் இறக்க முடியும். பேக்கேஜுக்குப் பணம் செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் டி-டைமருக்குப் பதிலாக லிப்போபுரோட்டீன்-ஏ என்ற இன்னொரு கொழுப்பு டெஸ்ட்டை ஒரே ஒரு தடவை எடுத்துவிடுங்கள். பரம்பரையாக வருவது, நம் ஆட்களில் நிறையப் பேருக்குக் கூடுதலாக இருக்கும், அப்பாவுக்குக் கூடுதல் என்றால் நீங்களும் தங்கை தம்பிகளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோயில் கொடைக்குப் போகலாமா என்றால், ஹீமோகுளோபின் காரணம் தெரிந்து அது நின்ற பிறகு, தரையில் அரை மணி நேரம் நடக்கவும் ரயில்வே மேம்பாலப் படியை நிற்காமல் ஏறவும் வலியில்லாமல் முடிகிறது என்றால், தாராளமாகப் போகலாம். அதற்கு முன்னால் டாக்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஆகிற ரயில் பயணம், உட்கார்ந்தே போகாமல் அவ்வப்போது எழுந்து பெட்டிக்குள் நடக்கச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கட்டும், பெர்த் கீழே எடுங்கள். மாத்திரையை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றை அம்மா பையில் வையுங்கள், ஊரில் அந்த மாத்திரை கிடைக்காமல் போகலாம், ஒரு நாள்கூட விடக் கூடாத நேரம் இது. டிஸ்சார்ஜ் சம்மரியும் பழைய ஈசிஜியும் போட்டோ எடுத்து உங்கள் போனில் இருக்கட்டும். நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் எழுதிக் கொடுத்திருந்தால் அது சட்டைப் பையில். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு ஒன்று வைக்கட்டும், ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் யாரையும் கேட்காமல் 108. கொடையில் சாமியாடி கூப்பிட்டார் என்று ராத்திரி முழுக்க முழித்திருந்து, மறுநாள் ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடிக்கிறேன் என்று கிளம்பினால் மட்டும் நீங்கள் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். இரண்டு துண்டு சாப்பிடட்டும்.